ஹாலோவீன்: குழந்தைக்கு பேய் வேஷம் போடலாமா? சோழவந்தான் வீடு வரை வந்திருக்கும் கேள்வி

அக்டோபர் கடைசி வாரம். சோழவந்தான் கடைவீதியில் போய்ப் பார்த்தால் ஹாலோவீன் என்ற பேச்சே இருக்காது. மழை, தீபாவளித் துணி, பட்டாசு, பலகாரம், இவைதான் பேச்சு. ஆனால் வீட்டுக்குள் குழந்தை கையில் இருக்கும் போனைப் பாருங்கள். ஆரஞ்சு நிறப் பூசணிக்காய் பல்லைக் காட்டிச் சிரிக்கும். எலும்புக்கூடு டான்ஸ் ஆடும். கார்ட்டூன் சேனலில் குட்டிச் சூனியக்காரி துடைப்பத்தில் பறப்பாள். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் சித்தி வீடியோ காலில் வந்து, "பாருடா, உன் தம்பி டிராகுலா வேஷம் போட்டிருக்கான்" என்பார்.

அடுத்த நிமிடம், "அம்மா, எனக்கும் பேய் டிரஸ் வேணும்" என்ற குரல் வரும். "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேய் பேச்சு?" என்று அப்பத்தா அதட்டுவார். நடுவில் மாட்டிக்கொள்வது அப்பா, அம்மாதான்.

ஹாலோவீன் என்பது என்ன, நம்ம ஊரில் இதுபோல எதுவும் கிடையாதா, சின்னக் குழந்தைக்கு இது ஒத்துவருமா, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

ஹாலோவீன் எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 31ஆம் தேதி வருவது ஹாலோவீன். அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் கொண்டாடப்பட்ட 'சாவின்' என்ற பழைய பண்டிகையில் இதன் வேர் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அந்த இரவில் இறந்தவர்களின் உலகத்துக்கும் இந்த உலகத்துக்கும் நடுவே இருக்கும் கதவு திறந்துவிடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

பிறகு 8, 9ஆம் நூற்றாண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபை நவம்பர் 1ஆம் தேதியை அனைத்துப் புனிதர்களின் திருநாளாக ஆக்கியது. அதற்கு முந்தின நாள் மாலை என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்தான் தேய்ந்து 'ஹாலோவீன்' ஆனது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று மதுரைப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லறைத் திருநாளும் இந்த ஹாலோவீனும் காலண்டரில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்.

வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் வழக்கத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகளும் பிள்ளைகளும் வீட்டு வாசலில் நின்று, "உங்க வீட்டில் இறந்தவங்களுக்காக ஜெபம் பண்றோம்" என்று சொல்லி, சின்ன ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க அமெரிக்கா போன ஐரிஷ் மக்கள் இந்தப் பழக்கங்களையும் கூடவே கொண்டு போனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு, அங்கே பெரிய பெரிய பூசணிக்காய் கிடைத்தது. குடைவதற்கும் சுலபம். அதுதான் இன்று போனில் பல்லைக் காட்டும் பூசணிக்காய்.

நம்ம ஊருக்கு இது புதுசா?

பேர்தான் புதுசு. கட்டி முடியாத வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடும் வெள்ளைப் பூசணிக்காயை நினைத்துப் பாருங்கள். உருட்டு முழி, கோரைப்பல், தொங்கும் சிவப்பு நாக்கு. கெட்டதை விரட்ட வாசலில் ஒரு பயங்கர முகம் வேண்டும் என்ற யோசனையில் அயர்லாந்துக்காரரும் வாடிப்பட்டி தாலுகாக்காரரும் ஒன்றுதான். அவர்கள் பூசணிக்குள் விளக்கு வைத்தார்கள். நாம் ஆயுத பூஜை அன்று குங்குமம் தடவி நடுரோட்டில் போட்டு உடைக்கிறோம். (அதில் வழுக்கி விழும் பைக்குகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.)

வேஷம் கட்டி வீடு வீடாகப் போவதற்கு குலசேகரன்பட்டினம் தசராவை விடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் முத்தாரம்மன் கோயிலுக்கு மாலை போட்டு விரதம் இருப்பவர்கள் காளி, குறவன், குறத்தி, கரடி, குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டுவார்கள். ஊர் ஊராகப் போய் காணிக்கை வாங்குவார்கள். வாங்கிய காசு கோயில் உண்டியலுக்குப் போய்விடும். பெற்றோர் வேண்டிக்கொண்டதற்காகச் சின்னப் பிள்ளைகளும் வேஷம் போடுவது உண்டு.

மதுரை மாவட்டத்திலேயே மேலூர் அருகே வெள்ளலூர் இருக்கிறது. அங்கே புரட்டாசியில் ஏழைகாத்த அம்மன் கோயில் திருவிழா. ஆண்கள் உடம்பு முழுக்க வைக்கோல் பிரியைச் சுற்றி, பயங்கரமான முகமூடி மாட்டிக்கொண்டு ஊர்வலமாக வருவார்கள். ஹாலோவீன் படம் பார்த்துப் பழகியவர்கள் இதைப் பார்த்தால் ஆடிப்போவார்கள். இதே திருவிழாவில் ஏழு சிறுமிகளை அம்மனாகப் பாவித்து வழிபடுவதும் வழக்கம். 2017ஆம் ஆண்டு அந்தச் சிறுமிகள் மேலாடை இல்லாமல் நகை மட்டும் அணிந்து வருவது பெரிய சர்ச்சையானது. மேல் உடம்பைத் துணியால் மறைக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. பண்டிகை பெரியவர்களுடையதாக இருந்தாலும், வேஷம் ஏறுவது குழந்தையின் உடம்பில் என்பதை அந்தச் சம்பவம் எல்லாருக்கும் ஞாபகப்படுத்தியது.

சோழவந்தானுக்கே வருவோம். சித்திரா பௌர்ணமிக்கு ஜெனகை நாராயணப் பெருமாள் கள்ளழகர் வேடத்தில் வைகையில் இறங்குவார். மதுரை வட்டாரத்தில் அந்தச் சமயம் அழகர், கருப்பசாமி வேஷத்தில் பொடிப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வருவது சாதாரணக் காட்சி. நவராத்திரியில் கிருஷ்ணன், ராதை என்று அலங்காரம் பண்ணிக்கொண்டு கொலு வைத்த வீட்டுக்கெல்லாம் போய் சுண்டல் வாங்கிய நினைவு, அக்ரஹாரத் தெருக்களில் வளர்ந்த பல பாட்டிமார்களுக்கு இருக்கும். மிட்டாய்க்குப் பதில் சுண்டல். உடம்புக்கும் நல்லது!

ஆக, வேஷமோ பயங்கர முகமோ நமக்குப் புதிதல்ல. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இங்கே வேஷம் பெரும்பாலும் நேர்த்திக்கடன். பெரியவர்கள் வேண்டிக்கொள்வார்கள், குழந்தை போட்டுக்கொள்ளும். ஹாலோவீனில் வேஷம் விளையாட்டு. என்ன வேஷம் என்று குழந்தை தேர்ந்தெடுக்கலாம், பிடிக்கவில்லை என்றால் பாதியில் கழற்றிப் போடலாம். அந்தப் 'பாதியில் கழற்றும்' உரிமைதான் இந்த விஷயத்தில் முக்கியம்.

முகமூடி போட்டாலும் அப்பா அப்பாதானே?

நமக்கு அது தெரியும். மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியாது.

அமெரிக்க உளவியலாளர் ரெட்டா டிவ்ரீஸ் 1969இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைப் பற்றியது. 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மேனார்ட் என்ற சாதுவான பூனையைக் காட்டினார்கள். குழந்தைகள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு பூனையின் தலைப்பக்கத்தை மட்டும் மறைத்து, கோபமான நாய் முகமூடியை மாட்டினார்கள். உடம்பும் வாலும் குழந்தைகளின் கண் முன்னால்தான் இருந்தன. அப்படியும், 3 வயதுக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் அது இப்போது நாய் என்றார்கள். சிலர் கிட்டே போகவே பயந்தார்கள். 6 வயதுக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு, இது முகமூடி போட்ட பூனை என்று புரிந்தது.

இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். மாமா கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, பேய் முகமூடியோடு 'பே' என்று கத்தினால், மூன்று வயதுக் குழந்தை பார்ப்பது முகமூடி போட்ட மாமாவை அல்ல. மாமா காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு பேய் வந்து நிற்கிறது. முகமூடியைக் கழற்றிச் சிரித்தாலும் குழந்தை அழுகையை நிறுத்தாததற்குக் காரணம் இதுதான்.

அதனால் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் செய்ய வேண்டியது எளிது. முகமூடியை முதலில் தரையில் வையுங்கள். குழந்தை கையில் எடுத்துப் பார்க்கட்டும். அது கண் முன்னாலேயே நீங்கள் மாட்டி, கழற்றிக் காட்டுங்கள். முழு முகமூடியை விட, கன்னத்தில் மீசை, மூக்கில் ஒரு பொட்டு என்று வரைவது நல்லது. முகம் தெரியும், மூச்சும் அடைக்காது. முதலில் பயமுறுத்தும் வேலையைக் குழந்தைக்கே கொடுங்கள். அது 'பே' சொல்லட்டும், நீங்கள் பயந்து ஓடுங்கள். பயத்தின் கயிறு குழந்தை கையில் இருக்கும்போதுதான் அது விளையாட்டு.

'காஞ்சனா' படத்தில் பேய்க்குப் பயந்து அம்மா பின்னாலேயே திரியும் ஹீரோவைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதும் இதனால்தான். தங்களை விடப் பெரிய ஆள் தங்களை விட அதிகமாகப் பயப்படுகிறான் என்பதில் ஒரு நிம்மதி.

இன்னொன்று. குழந்தை பயந்து அலறுவதை வீடியோ எடுத்து ரீல்ஸ் போடும் பழக்கம் கூடிவிட்டது. அந்த நேரத்தில் குழந்தை தேடுவது உங்கள் கையை. அந்தக் கையில் போன் இருக்கக் கூடாது.

பூச்சாண்டி கணக்கு என்ன?

"ஹாலோவீன் எல்லாம் வேண்டாம், பிள்ளை பயந்துக்கும்" என்று சொல்லும் அதே வீட்டில், "சாப்பிடலைன்னா பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்ற வசனமும் தினமும் ஓடும். சில வீடுகளில் பூச்சாண்டி, சில வீடுகளில் சாக்கு மூட்டைக்காரன், சில வீடுகளில் போலீஸ், ஊசி போடும் டாக்டர்.

இதில்தான் சிக்கல் அதிகம். வருஷத்தில் ஒரு நாள் பேய் வேஷம் போட்டு விளையாடுவதை விட, நாள்தோறும் மூன்று வேளையும் பூச்சாண்டியைக் கூப்பிடுவது குழந்தையை அதிகம் பாதிக்கலாம். விளையாட்டில் பயம் முடிந்துவிடும். மிரட்டலில் பயம் முடியாது. ஏனென்றால் பூச்சாண்டி முகமூடியைக் கழற்றுவதே இல்லை. மேலும், போலீஸ் பிடித்துவிடும் என்று வளர்ந்த குழந்தை திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனால், உதவி கேட்க வேண்டிய போலீஸைப் பார்த்தே ஓடி ஒளியும்.

இருட்டு, பேய், கட்டிலுக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்ற பயம், இவையெல்லாம் 3 முதல் 6 வயதில் இயல்பானவை. "ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா?" என்று கேலி பண்ணுவதோ, "ஆமா, அங்க பேய் இருக்கு" என்று சேர்ந்து ஊதுவதோ இரண்டுமே உதவாது. டார்ச்சைக் கையில் கொடுத்துக் கூடவே போய்ப் பார்ப்பது உதவும்.

நடு ராத்திரியில் குழந்தை கண்ணைத் திறந்தபடி அலறும். கூப்பிட்டால் அடையாளம் தெரியாது. காலையில் கேட்டால் எதுவும் ஞாபகம் இருக்காது. இதைப் பேய் பிடித்ததாக நினைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இது தூக்கத்தின் நடுவில் வரும் ஒரு நிலை. வளர வளரப் பெரும்பாலும் போய்விடும். உலுக்கி எழுப்பாமல், கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் பயத்தால் பல வாரங்களாகத் தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ, நின்றுபோன படுக்கை ஈரம் மறுபடி வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

'பயந்த காய்ச்சல்': இதில் மட்டும் அசட்டை வேண்டாம்

ஹாலோவீனோ, பேய்ப் படமோ, சுடுகாட்டுப் பக்கம் போய் வந்ததோ, காரணம் எதுவானாலும், மறுநாள் குழந்தைக்கு உடம்பு சுட்டால், "பயந்திருக்கு" என்பார்கள். விபூதி போடுவார்கள், வேப்பிலை அடிப்பார்கள், தர்காவில் தண்ணீர் ஓதி வாங்குவார்கள், கையில் கயிறு கட்டுவார்கள். பாட்டி மடியில் படுக்க வைத்து விபூதி பூசும்போது குழந்தைக்கு ஆறுதல் கிடைக்கிறது என்றால் அதை யாரும் தடுக்க வேண்டியதில்லை.

ஆனால் காலண்டரைப் பாருங்கள். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். தமிழ்நாட்டில் டெங்கு கூடும் காலமும் இதுவே. பயத்தால் வந்த காய்ச்சல் என்று இரண்டு, மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தால் அது ஆபத்தில் முடியலாம். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் நிலைமை மோசமாகும். "காய்ச்சல் விட்டிருச்சு, கயிறு வேலை செஞ்சிருச்சு" என்று நிம்மதியாகும் அதே நாள்தான் அது.

கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு படுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை, சிரப் வாங்கிக் கொடுக்கக் கூடாது. அவை ரத்தக் கசிவைக் கூட்டலாம். கயிறு கட்டுவதானால் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் வழியில் கட்டிக்கொள்ளலாம்.

வேஷத் துணியும் பட்டாசும்

2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதியே வந்தது. ஹாலோவீனும் தீபாவளியும் ஒரே நாள். மற்ற வருடங்களிலும் இரண்டும் பெரும்பாலும் கிட்டக் கிட்டவே வரும். அதனால்தான் வேஷத் துணி நம்ம ஊரில் கூடுதல் கவலை.

ஆன்லைனில் விற்கும் பேய், சூனியக்காரி, சூப்பர்ஹீரோ உடைகளில் பல மெல்லிய பாலியஸ்டர் துணியில் தைத்தவை. தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் தொங்கும் அங்கியும் அகலமான கையும் அகல் விளக்கில் படுவது குழந்தைக்குத் தெரியாது. 2014இல் பிரிட்டனில் பிரபல டிவி தொகுப்பாளர் ஒருவரின் 8 வயது மகள் போட்டிருந்த சூனியக்காரி உடை மெழுகுவர்த்தி பட்டுத் தீப்பிடித்து, அந்தக் குழந்தைக்குப் பலத்த காயம் ஏற்பட்டது. அதன் பிறகு அங்கே குழந்தைகளின் வேஷ உடைகள் தீப்பிடிக்கும் வேகம் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. பல கடைகள் கூடுதல் சோதனை செய்யத் தொடங்கின.

வேஷம் போட்டபடி பட்டாசு பக்கம் போகவே கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டாசு வெடிக்க தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் இருக்கிறது. வேஷத்தை அதற்கு முன்பே கழற்றிவிட்டு, உடம்போடு ஒட்டிய பருத்தித் துணிக்கு மாற்றுங்கள். வீட்டுக்குள் விளையாட மெழுகுவர்த்திக்குப் பதில் செல் விளக்கு போதும்.

தீப்பிடித்துவிட்டால் குழந்தை ஓடும். ஓடினால் தீ கூடும். தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள், அல்லது கனத்த பருத்திப் போர்வையால் சுற்றி அணையுங்கள். காயத்தின் மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ், பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். ஒட்டியிருக்கும் துணியைப் பிய்க்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள்.

மிட்டாய் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு உருண்டையான கெட்டி மிட்டாய், முழு நிலக்கடலை, முந்திரி கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டே சாப்பிட்டால் மூச்சுக்குழாயில் சிக்கும். தீபாவளி மிக்சரில் இருக்கும் கடலைக்கும் இது பொருந்தும்.

பள்ளியில் வேஷம் போடச் சொன்னால்?

சில மழலையர் பள்ளிகளில் இந்த வாரம் ஹாலோவீன் தினம் என்று அறிவிப்பு வரலாம். மத நம்பிக்கை காரணமாகவோ, பேய் என்பதே பிடிக்காததாலோ வேண்டாம் என்று நினைக்கும் வீடுகள் எல்லா மதத்திலும் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பலர் ஹாலோவீனை ஏற்பதில்லை. வேண்டாம் என்றால் ஆசிரியரிடம் நேராகச் சொல்லிவிடலாம். குழந்தையை வெறும் கையோடு ஓரமாக உட்காரவைக்காமல், பூனையாகவோ பூசணிக்காயாகவோ அனுப்புவதும் ஒரு வழி. மாறுவேடப் போட்டிக்கு வாங்கிய பாரதியார் தலைப்பாகை பீரோவில் இருந்தால் அதுவும் சரிதான். மீசை வைத்த குழந்தையை எந்த டீச்சரும் திருப்பி அனுப்ப மாட்டார்.

சோழவந்தானில் பேய் டிரஸ் தேடி மதுரை வரை அலையவும் வேண்டாம். பழைய வெள்ளை வேட்டியில் இரண்டு ஓட்டை போட்டால் பேய் தயார். முழங்காலுக்குக் கீழே தொங்காமல் வெட்டிவிடுங்கள், தடுக்காது. கண் ஓட்டை பெரிதாக இருக்கட்டும். அந்த வேட்டியை வெட்டும் முன் அது தாத்தாவின் நல்ல வேட்டியா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

2026ஆம் ஆண்டு ஹாலோவீன் அக்டோபர் 31 சனிக்கிழமை வருகிறது. கல்லறைத் திருநாள் நவம்பர் 2 திங்கள், தீபாவளி நவம்பர் 8 ஞாயிறு.